பேய் வருமுன் எழுந்த சனம்

பேய் வர இன்னும் நேரம் இருந்தது. திரையில் ஒரு கிணறும் ஆடாத கயிறும் மட்டும்தான். இசை தொடங்கியதுமே ஜெயபுரம் பொதுநோக்கு மண்டபத்தில் இருந்த சனம் முழுவதும் எழுந்து வெளியே ஓடியது. ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"பயந்துதானே ஓடினவை அண்ணை?" என்றாள் படத்துக்கு இசையமைத்த ராஜினி.

"பேய்க்கே? வண்டுக்கு! பேய் வாறதுக்கு முதலே பங்கருக்குள்ள போயிட்டுதுகள்," என்றார் படத்தை எடுத்த முத்துலிங்கம். "இன்னொருக்கா ஓடினால் மண்டபம் தரமாட்டினமாம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குள்ள சரிவராட்டி உன்ர இசையை எடுத்துப்போட்டு ஊமைப்படமா விடுவன்."

அது 2007, போர்க்காலம். வன்னிக்கு மேலே சுற்றிய ஆளில்லாத வேவு விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொன்னது. வண்டு வந்து போனால் பிறகு குண்டு வரும்; சனம் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓடும்.

ராஜினி கீபோர்டில் தாழ்ந்த சுரங்கள் இரண்டைச் சேர்த்திருந்தாள். ஒன்று மற்றதைவிட மயிரிழை உயரம். அப்படிச் சேர்ந்தால் அவை ஒரு கணம் ஒன்றையொன்று தூக்கும், மறு கணம் அமுக்கும். ஒலி தானாகவே அலைபோல ஏறி இறங்கும். பயத்தைக் கொண்டுவருவது அந்த அலைதான். தூரத்து வண்டின் எஞ்சினும் அப்படியே அலையும்.

சுரத்தை உயர்த்தினாள், பயம் போய்விட்டது. தாழ்த்தினாள், வண்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் முத்துலிங்கத்தின் மனைவி கமலாட்சியை அவர்கள் வீட்டுக் கதிரையில் இருத்திப் படத்தைப் போட்டுக் காட்டினாள். தாழ்ந்த சுரம் கேட்டதும் கமலாட்சி நாடியை நிமிர்த்தி மேலே பார்ப்பாள்.

சனிக்கிழமை பின்னேரம் கீபோர்டின் வயர் கழன்றது. படம் நிற்கவில்லை. இடம் தவறக்கூடாதென்று ராஜினி வாயை மூடியபடி அதே சுரத்தை முனகினாள். மூச்சு முடிந்தது, இழுத்துக்கொண்டு மறுபடி முனகினாள்.

கமலாட்சி மேலே பார்க்கவில்லை. கால்களைக் கதிரைமேல் தூக்கிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் இருந்த குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனக்கா அங்க பாத்தனீங்கள்?"

"பின்னால ஆரோ நிக்கிற மாதிரிக் கிடந்தது."

"வண்டு மாதிரி இல்லையோ?"

"விசரி, வண்டு மூச்சு வாங்குமே?"

அன்றே ராஜினி தன் முனகலை இரண்டு தரம் பதிவு செய்தாள், இரண்டாவதை மயிரிழை உயர்த்தி. கீபோர்டை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். அதே தாழ்வு, அதே அலை. மூச்சிழுக்கும் சத்தத்தை மட்டும் வெட்டாமல் விட்டாள்.

ஞாயிறன்று மண்டபத்தில் சனம் வானத்தைப் பார்க்க ஓடவில்லை. இருந்த இடத்திலேயே பின்னால் திரும்பிப் பார்த்தது.