சணலில் கோத்த அறுபத்திரண்டு அட்டைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, கடையில் பார்த்தேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நன்னிலம் கடைத்தெருவில் ஹாஃபிஸாவின் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் பேனா வாங்கப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில், அரிசி மூட்டையின் வாயில் கட்டுகிற மாதிரி ஓர் அட்டை கிடந்தது. ஒரு பக்கம் ‘ஙம்’ என்றும் மறுபக்கம் ‘ஊறப்போடு’ என்றும் எழுதியிருந்தது.

“வியட்நாம் பாஷைங்க. அம்சம் விட்டுட்டுப் போயிட்டா. எடுத்துடாதீங்க, வந்து கேப்பா” என்றார் ஹாஃபிஸா.

மீதியைக் கொஞ்சம் கேட்டேன், நிறையக் கற்பனை செய்தேன். எது எது என்று பிரித்துக் காட்டமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘காவிரி பாயும் பசுமையான வயல்களுக்கு நடுவே, விதி ஒரு பெண்ணை...’ (பேனாவுக்கே கூச்சம் வந்து நின்றுவிட்டது.)

இரண்டாவது: ‘தாராளமயத்துக்குப் பிந்தைய தொழிலாளர் இடப்பெயர்வில் பெண்களின்...’ (இது கருத்தரங்கில் வாசிக்க வேண்டியது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: 2010ஆம் ஆண்டு. அம்சத்துக்கு முப்பத்தொன்பது வயது. ரைஸ் மில்லில் பத்தொன்பது வருடமாக நெல் அவிக்கிறாள். தொட்டியில் ஊறிய நெல்லை ஒன்றிரண்டு எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்து, ஆவி விடலாமா வேண்டாமா என்று சொல்வது அவள்தான். ஆனால் மேஸ்திரி என்று பெயர் இராஜாங்கத்துக்கு. அவர் பேண்ட் போடுவார், இங்கிலீஷ் பேசுவார், அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்.

வியட்நாமில் ஒரு மில் நடத்துகிறவர்கள் புழுங்கல் அரிசி போட ஆசைப்பட்டார்கள். கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், ஒரு வருடம் வேலை. நாற்பது நாளில் அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து ஆளைத் தேர்ந்தெடுப்பார். முதலாளி இராஜாங்கத்தின் பெயரை எழுதிவைத்துவிட்டார்.

“என் பேரையும் எழுதுங்க” என்றாள் அம்சம்.

“பாஷை தெரியணுமே அம்சம். அவருக்கு இங்கிலீஷாச்சும் வரும்.”

“நாப்பது நாள் இருக்குல்லங்க.”

3

ஹாஃபிஸா பிறந்தது வியட்நாமில், சைகோனில். அவருடைய அத்தா அங்கே ஜவுளி வியாபாரம் செய்தவர். சண்டை முடிந்து குடும்பம் ஊர் திரும்பியபோது ஹாஃபிஸாவுக்குப் பதினொரு வயது. பாதி மறந்த அந்த மொழியை நம்பித்தான் அம்சம் கடைக்கு வந்தாள். ஹாஃபிஸா முதலில் வியாபாரிதான். படம் போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். ஆப்பிள், ஆகாயவிமானம், ஒட்டகச்சிவிங்கி.

“அந்த மில்லுல ஒட்டகச்சிவிங்கி நிக்குமாக்கா?”

ஹாஃபிஸா பெட்டியை உள்ளே வைத்துவிட்டார். அம்சம் மறுநாள் மூட்டை அட்டைகளோடு வந்தாள். ரகத்தின் பெயர் தப்பாக அச்சாகி வீணானவை. பின்பக்கம் வெள்ளை, மேலே ஓட்டை. ஹாஃபிஸா சொல்லச் சொல்ல, வெள்ளைப் பக்கத்தில் வியட்நாம் சொல்லைத் தமிழ் எழுத்திலும், அச்சடித்த பக்கத்தின் காலி இடத்தில் அர்த்தத்தையும் எழுதினாள். ‘ங’ என்ற எழுத்துக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

[இங்கே ஒரு சந்தேகம். எட்டாம் வகுப்போடு நின்றவள் இத்தனை சீக்கிரம் கற்பாளா? நானே கேட்டு, நானே வெட்கப்பட்டேன். இராஜாங்கத்தைப் பற்றி எனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லையே.]

“‘தோய்’னு எழுது. ‘நான்’னு அர்த்தம்.”

“அது எதுக்குக்கா? வேலையச் சொன்னா போதாதா?”

“எழுதுடி.”

எழுதினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். “மேஸ்திரிக்கு என்னக்கா?” ஹாஃபிஸா வெகுநேரம் யோசித்தார். “தொ கா” என்றார். அந்த இரண்டு அட்டைகளும் அடியில் போயின.

4

இப்போது அவள் செய்த தப்பு. அறுபத்திரண்டு அட்டைகளையும் வேலை நடக்கும் வரிசையில் சணலில் கோத்துவிட்டாள். ஊறப்போடு, தண்ணீர் வடி, ஆவி விடு, களத்தில் கொட்டு, கிளறு, மூடு. இருபதாம் நாள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஹாஃபிஸா நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டார்.

“ஆவி விடு?”

அம்சம் வாய்க்குள் ‘ஙம்’மிலிருந்து ஆரம்பித்து, விரல்விட்டு எண்ணி, “ஹப்” என்று வந்து சேர்ந்தாள்.

“அதுக்குள்ள நெல்லு குழைஞ்சிடும்.”

“வரிசையக் கலைக்கலாமாக்கா? அவிச்சப்புறம் யாராச்சும் ஊறப்போடுவாங்களா?”

“நெல்லுக்கு வரிசை உண்டு. மனுசனுக்கு ஏது? பைப்பு வெடிச்சா ஒருத்தன் வந்து மொதல்லேருந்தா சொல்லிக்கிட்டு நிப்பான்?”

அம்சத்துக்கு அழுகை வந்தது. இருபது நாள் வீண். (இந்த இடத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிக் கதையை முடித்துவிட எனக்கும் ஆசை இருந்தது.) அவள் மூக்கைச் சிந்திவிட்டு, மூட்டை பிரிக்கும் கத்தியால் சணலை அறுத்தாள். அட்டைகள் தரையெங்கும் சிதறின. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினாள்.

மறுநாளிலிருந்து களத்தில் காலால் நெல் கிளறும்போது, ஒரு சாலுக்கு ஓர் அட்டை. இடது மடியில் கைவிட்டால் எது வருகிறதோ அது. தெரிந்தது வலது மடிக்கு, தெரியாதது மறுபடி இடது மடிக்கு. கூட வேலை செய்த ராமாயி, “பேய் புடிச்சிருக்கா ஒனக்கு?” என்றாள். முப்பத்தெட்டாம் நாள் இடது மடி காலி.

5

முடிவு, ஒன்று: அம்சம் விமானம் ஏறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே மேக... (வேண்டாம். நான் ஏறியபோது பார்த்த மேகத்தை அவள் தலையில் கட்டுகிறேன்.)

முடிவு, இரண்டு: இராஜாங்கம் போகிறார். அம்சம் அட்டைகளைக் கொதிகலனில்... (மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.)

ஆகவே நடந்த வரைக்கும் சொல்கிறேன். நாற்பதாம் நாள் காலை வியட்நாமிலிருந்து லான் அம்மாள் வந்தார். மொழிபெயர்க்க ஒரு பையன் கூடவே வந்தான். முதலாளி நடுவில், இராஜாங்கம் வலப்பக்கம், அம்சம் தூணோரம். லான் அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. ஆவி பறக்கும் நெல்லை ஒரு பிடி அள்ளி, உமி நீக்கி, கடித்துப் பார்த்தார். இன்னொரு முறை கடித்தார். பிறகு நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

நீளமான கேள்வி. அம்சத்துக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் அதற்குள் ‘தொ கா’ இருந்தது.

இங்கே யார் மேஸ்திரி?

இராஜாங்கம் சிரித்த முகத்தோடு பையனின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் தொண்டையைச் செருமுகிறான். அவன் இங்கிலீஷில் சொல்லிவிட்டால் பதில் யாரிடமிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. பத்தொன்பது வருடமும் அந்த மூச்சுக்குள்தான் இருக்கிறது.

எதுக்கு என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்ட அந்த ‘தோய்’ அட்டை அம்சத்தின் வலது மடியில்தான் இருக்கிறது. அவள் சொன்னாளா என்று நான் எழுதமாட்டேன். பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பதிலாக இன்னொருவர் பேசியாயிற்று. அந்த வேலையை இப்போது நான் எடுத்துக்கொள்வதாக இல்லை. வேண்டுமானால் அட்டையை நீங்கள் திருப்பிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. தூணோரம் நின்றவளின் கால் ஓரடி முன்னால் வந்திருக்கிறது. அதை நான் எழுதவில்லை. அவளே வைத்தாள்.