பெயர் வேண்டாம் என்ற தாள்

விடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் பதினான்கு கழிப்பறைகள். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மூக்கு எரியும், நகக்கண் வெந்துபோகும். கீழே ஆறு எனக்கு, மாடியில் எட்டு மாடியக்காவுக்கு. மாடியைக் கழுவிக் கழுவியே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கழுவி முடித்ததும் கதவில் தொங்கும் அட்டையில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை.

போன மாதம் எங்களுக்கும் பயிற்சி என்றார்கள். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்று. டீச்சர்கள், டிரைவர்கள், நாங்கள் எல்லோரும் வட்டமாக நாற்காலியில். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். பயிற்சி கொடுத்த அம்மா தேனொழுகப் பேசினார்.

"உங்க மனசைத் திறந்தாத்தான் பிள்ளைங்க மனசு புரியும். இருக்கறதை அப்படியே எழுதுங்க. பேர் வேண்டாம். இங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது."

நம்பினோம். மகளைப் பறிகொடுத்ததிலிருந்து சில நாள் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை என்று எழுதினாள் மாடியக்கா. எழுதியதும், கைப்பழக்கம், அடியில் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டாள்.

"ஏன்க்கா, இதென்ன கக்கூஸ் கதவா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கிழித்துப் போடத் தோன்றவில்லை, மடச்சிகள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டாம் பீரியடில் மாடியில் கடைசிக் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுவாள். முன்பெல்லாம் கதவைத் தட்டி விரட்டுவோம். பயிற்சிக்குப் பிறகு மாடியக்கா வெளியே குந்திக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன் கண்ணு" என்பாள். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வாய் திறந்தது. பிள்ளை சரி என்று சொன்ன பிறகு, வகுப்பு டீச்சரிடம் மட்டும் அக்கா சொன்னாள்.

திங்கட்கிழமை தாளாளர் அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மேசைமேல் அந்தத் தாள்.

"உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்கய்யா."

"யார் முகத்துலயும் விழிக்கப் பிடிக்கலையாம். இந்த மாதிரி ஆளைப் பிள்ளைங்க நடுவுல எப்படி விடறது? நாளைலேருந்து வர வேண்டாம்."

"பிடிக்கலைன்னுதான் எழுதினேன். வரமாட்டேன்னு எழுதலையே. பதினோரு வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்திருக்கேனா?"

"ரூமைத் தாண்டாதுன்னாங்களே சார்!" என்றேன்.

"ரூமே என்னோடது."

அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். தன் வேலை போனாலும் அந்தப் பிள்ளை சொன்னது வெளியே போகக்கூடாது அவளுக்கு. படித்தவர்களுக்கு இல்லாத நாணயம்!

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். வாசலில், பயிற்சியன்று எடுத்த எங்கள் படத்தைப் பெரிதாக மாட்டி, 'மனம் பேசும் பள்ளி' என்று எழுதியிருந்தார்கள். படத்தின் நடுவில் மாடியக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் கூடினோம்.

"அடுத்தது நான்தான்," என்றார் டிரைவர் அண்ணன். "வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதிருக்கேன்னு எழுதிக் குடுத்தேன். என் கிறுக்கல் அவருக்குத் தெரியாதா?"

வகுப்பு டீச்சரும் வந்திருந்தார். "எல்லார் தாளும் அவர் பீரோவுலதான் இருக்கு. நம்ம எல்லாருக்கும் அது கத்திதான்."

மறுநாள் காலை தாளாளர் அறை வாசலில் பத்தொன்பது பேர் உட்கார்ந்தோம். பிள்ளைகளைத் தனியே விடக்கூடாதென்று டீச்சர்கள் முறைவைத்து வகுப்புக்குப் போய் வந்தார்கள். அக்காவுக்கு வேலை வேண்டும், தாள்கள் எங்கள் கைக்கு வர வேண்டும். அவ்வளவுதான் கேட்டோம்.

"மொத்தப் பேரையும் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க சார்," என்றார் டிரைவர் அண்ணன். "சாயங்காலம் பஸ்ஸை நீங்களே ஓட்டுங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"எனக்காக உங்க வயித்துல அடிச்சுக்காதீங்க," என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா, எங்களுக்காகவும்தான்," என்றேன்.

இரண்டாம் பீரியட் மணி அடித்தது. அக்கா மாடிப்படியையே பார்த்தாள். நான் எழுந்து போனேன். கடைசிக் கதவு தாழிட்டிருந்தது.

"மாடியக்காவா?"

"இல்ல கண்ணு, கீழக்கா."

"அவங்களை அனுப்பிட்டாங்களாமே..."

"அனுப்பப் பார்த்தாங்க. பத்தொன்பது பேரு கீழ உட்கார்ந்திருக்கோம். நான் உனக்காகத்தான் வந்தேன். மத்தவங்க யாரும் எழுந்திருக்கல."

பிறகு தாழ் விலகியது. அழுது வீங்கிய முகம்.

"அக்காகிட்டச் சொல்லுங்க," என்றாள். "எழுந்திருக்க வேண்டாம்னு."