அலமாரி மேல் குக்கர்

வீடு ஒதுக்கும் அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் விடியும்போதே வீட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டாள்.

படுக்கையறைக் கதவில் கணவனின் முட்டி இறங்கிய பள்ளத்தின் மேல் மகளுடைய பள்ளி நாட்காட்டியை ஒட்டினாள். சோபாவை இழுத்துப் போட்டுத் தரையின் கீறல்களை மறைத்தாள். ஜன்னல் கண்ணாடிகளில் அவன் ஒட்டி வைத்திருந்த கறுப்புத் தாளை, "இன்னைக்கு ஒரு நாள் வெளிச்சம் வரட்டுமே" என்று கேட்டு, அவன் தலையசைத்த பிறகு உரித்தாள். அவன் நாற்காலியை எடுத்துச் சுவரோடு முதுகு ஒட்டும்படி போட்டு உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து வாசற்கதவும் ஜன்னலும் ஒரே பார்வையில் தெரியும்.

போனில் அக்கா சிரித்தாள். "வர்றது ஆபீசரா, உன் மாமியாராடி? இந்தத் தேய் தேய்க்கிற?"

"சும்மா இரு அக்கா. நோயாளி வீடு மாதிரி இருந்தா யாரு வீடு குடுப்பாங்க?"

"அதுவும் சரிதான். உன் புருஷனைக் கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கச் சொல்லு. கல்யாண போட்டோலயே முறைச்ச மனுஷன்."

நோயாளி வீடாகத் தெரியக் கூடாது என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவன் ராணுவத்திலிருந்து திரும்பிய மூன்று வருடத்தில் ஐந்து வீடு மாறியாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று அவளுக்குப் பாடமாகியிருந்தது. அமைதியான குடும்பம், ஒரே குழந்தை, சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். அதே பாடத்தைத்தான் இன்றைக்கும் ஒப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

இப்போது கேட்டிருக்கும் வீடு கிடைத்தே ஆக வேண்டும். பழைய ராணுவக் கிடங்கை இடித்துக் கட்டிய பன்னிரண்டு வீடுகள், எல்லாம் தரைத்தளம். போரிலிருந்து திரும்பித் தூக்கம் தொலைத்தவர்கள் குடும்பத்தோடு இருப்பதற்கென்றே கட்டியவை. நடுவில் ஒரு பொது அறை. பகலெல்லாம் அங்கே ஒரு மனநல ஆலோசகர் இருப்பார், வாரம் ஒரு நாள் டாக்டர் வருவார், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உதவிக்கு அழைக்க ஒரு மணி. அதில் ஒன்று காலியாகியிருந்தது. மூன்று குடும்பங்கள் கேட்டிருந்தன. அது கிடைத்தால், ஏழு மாதமாக அக்கா வீட்டில் தூங்கும் மகள் திரும்பி வருவாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் சோபாவில் கண்ணயர்ந்திருந்தான். கீழே கட்டுமான இடத்தில் தகரங்களை இறக்கும் சத்தம் கேட்டு, அவன் விழித்துவிடக் கூடாதே என்று அவள் ஜன்னலைச் சாத்த அவனுக்குப் பின்பக்கமாக நடந்தாள். அடுத்து அவளுக்கு ஞாபகம் இருப்பது தரையின் குளிர்ச்சி. அவன் முழங்கால் அவள் முதுகில் இருந்தது. அவள் கை பின்னால் முறுக்கப்பட்டு, மணிக்கட்டில் ஏதோ சின்னதாக ஒடிந்தது. பள்ளியிலிருந்து வந்த மகள் வாசலில் பையோடு நின்று, "அப்பா, அது அம்மா... அப்பா, அது அம்மா" என்று அழாமல், பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் மகளை அக்கா வீட்டில் விட்டாள். வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாவற்றையும் துணியில் சுற்றி, பிடி உடைந்த பழைய பிரஷர் குக்கருக்குள் போட்டு மூடி, அலமாரி மேல் வைத்தாள். மனநல மருத்துவமனையில் ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் போனபோது டாக்டர் மாற்றலாகிவிட்டார் என்று இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் "நான்தான்" என்று சொல்லிவிட்டே நுழைவாள். சமையலறையிலிருந்து வரும்போது, குளித்துவிட்டு வரும்போது, "நான்தான்". பூனைக்குத்தான் மணி கட்டுவார்கள். இந்த வீட்டில் எலி தன் கழுத்திலேயே மணியைக் கட்டிக்கொண்டு திரிந்தது. யாருக்கும் சொல்ல முடியாத இந்த நகைச்சுவையை நினைத்து அவள் சில சமயம் தனியாகச் சிரித்திருக்கிறாள். 

அதிகாரி ஐம்பது வயதிருக்கும் பெண். நான்கு மாடி ஏறி வந்த மூச்சு வாங்கல் அடங்குவதற்குள், "லிஃப்ட் வேலை செய்யலைன்னு சொல்லவே இல்லையே நீங்க!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களோட தனியா கொஞ்ச நேரம் பேசலாமா? எல்லா வீட்லயும் கேக்கறதுதான்" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். தனியாகப் பேசினால் சாயந்திரம் வரை அவன் எதுவும் கேட்க மாட்டான். அந்தக் கேட்காமையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

"அவர் முன்னாடி பேச முடியாதது எதுவும் இல்ல மேடம்."

கேள்விகள் தொடங்கின.

"தூக்கம் எப்படி சார்?"

"பரவாயில்ல" என்றான் அவன்.

"கோபம் வருமா?"

"யாருக்குத்தான் வராது மேடம்" என்று அவள் முந்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் கை? பேண்டேஜ் போட்டிருக்கீங்க."

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன். பழைய கதை. குளிர்ல வலிக்கும்." பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய் அது. வழுக்கியது தரையா நாக்கா என்று அவளுக்கே சந்தேகம்.

"பொண்ணு?"

"அக்கா வீட்ல இருந்து படிக்கிறா. ஸ்கூல் பக்கம்."

கீழே லாரியிலிருந்து தகரங்கள் சரிந்து விழுந்தன. வீடே ஒரு பாத்திரம் போல அதிர்ந்தது. அவன் அசையவில்லை. ஆனால் அவன் கைவிரல்கள் நாற்காலியின் கையில் வெளுத்துப்போவதையும், நெற்றியோரம் வியர்வை முளைப்பதையும் அவள் பார்த்தாள். "ஏங்க, தண்ணி வேணுமா?" என்று, தெரியாதவள்போல் எழுந்து, அதிகாரிக்கும் அவனுக்கும் நடுவில் நின்று மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அதில் அவள் கைதேர்ந்துவிட்டாள்.

அதிகாரி படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"மனசுக்கு நிறைவா இருக்கும்மா. எவ்ளோ அழகா சமாளிச்சிருக்கீங்க! வெளிப்படையா சொல்லிடறேன். மத்த ரெண்டு குடும்பத்தோட நெலமை ரொம்ப மோசம். யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்களுக்குத்தான் முதல்ல. நீங்க அடுத்த வருஷம் கண்டிப்பா மறுபடி எழுதிப் போடுங்க." பேனாவை மூடினார்.

அந்தச் சின்ன 'டிக்' சத்தத்தில் அவளுக்குப் புரிந்தது. விடியலிலிருந்து தேய்த்துத் தேய்த்து அவள் தன் மகளுக்குக் கிடைத்திருக்கும் அறையைத்தான் துடைத்தெடுத்திருக்கிறாள்.

"வாங்க மேடம், கீழ வரைக்கும் வர்றேன்."

"நானும் வர்றேன்" என்று அவன் எழுந்தான்.

படிக்கட்டில் சொல்லலாம் என்று நினைத்தது போயிற்று. மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டு, இந்த வீட்டில் பிள்ளை இருக்கவே கூடாது என்று அந்த அம்மாள் முடிவெடுத்தால்? வாயைத் திறந்தாள். 

"வழுக்கல."

"என்னம்மா?"

"கை. பாத்ரூம்ல வழுக்கல." அவள் அதிகாரியின் பைவாரை மட்டும் பார்த்தாள். "அவருக்கு அப்ப நான் யாருன்னு தெரியல. தூக்கத்துல இருந்தார். அவர் வேணும்னு பண்ணல. ஆனா எனக்குப் பயமா இருக்கு. தினமும் பயமா இருக்கு. அதனாலதான் பொண்ணு இங்க இல்ல."

 கீழே யாரோ ஒருவர், "மெதுவா இறக்குடா, உன் தலையில போடவா!" என்று கத்தினார்.

அவன் நகர்ந்தான்.

அவள் தோள்கள் தாமாகவே சுருங்கின. அதிகாரி ஓர் அடி பின்வைத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவன் இருவரையும் தாண்டிப் படுக்கையறைக்குள் போனான். அலமாரி மேல் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் ஏழு மாதமாகக் கனவில் கேட்டு எழுந்திருக்கிறாள். ஓடலாமா என்று கால் கேட்டது. நான்கு மாடி என்று பதிலும் சொன்னது.

அவன் குக்கரை இரண்டு கைகளாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தான். மூடியைத் திறந்தான். துணியை விரித்தான். மூன்று கத்திகள், கத்தரிக்கோல், சுத்தியல், அவனுடைய சவரக்கத்தி. பிறகு அவற்றைத் தொடாமல், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனான்.

"இதையும் எழுதிக்குங்க மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது அவள்தான். குரல் அவளுடையது போல இல்லை.

"நீ பால் வாங்க இறங்குவல்ல. அப்ப தெனமும் தூக்கிப் பாப்பேன். தொறக்க மாட்டேன். கனமா இருந்தா சரி, எல்லாம் உள்ள இருக்குன்னு வெச்சிடுவேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "ஒரு நாள் கனம் கம்மியா இருந்துச்சு. எது இல்லன்னு தெரியல. நான்தான் எடுத்தேனா, எங்கயாவது ஒளிச்சு வெச்சேனான்னும் தெரியல. அதான் அன்னிக்கு வெளிய போயிட்டேன்."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. காய் நறுக்க எடுத்த கத்தியை, கழுவிக் காய வைத்துவிட்டு உள்ளே போட மறந்திருந்தாள். அவனைக் காணாமல் சாயந்திரம் வரை தெருத்தெருவாகத் தேடினாள். பேருந்து நிலையத்தில், கைகளை இப்படியே அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.  நோய் முற்றிவிட்டது என்று அன்றைக்கு அக்காவிடம் அழுதாள்.

அதிகாரி கதவின் கைப்பிடியை விட்டார். மேஜைக்கு வந்து உட்கார்ந்து, படிவத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாட்காட்டிக்குப் பின்னால் இருந்த பள்ளத்தையும் பார்த்தார். மகளைப் பற்றிய இடத்தில் பேனா நீண்ட நேரம் நின்றது.

"முடிவு என் கையில மட்டும் இல்ல. செவ்வாய்க்கிழமை சொல்லுவாங்க" என்றார் கடைசியில். ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். "அதுவரைக்கும் எந்நேரமும் யாராவது எடுப்பாங்க. இன்னைக்கு நீங்க அக்கா வீட்டுக்குப் போறீங்களா?"

"போ" என்றான் அவன் சுவரோரத்திலிருந்து. "போயிட்டு காலைல வா."

அவள் குக்கரை என்ன செய்வது என்றுதான் யோசித்தாள். அதிகாரி அதைத் துணியோடு அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். "நாலு மாடி இறங்கணும், நல்ல வேளை ஏறணும்னு இல்ல" என்று முனகிக்கொண்டே போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவா வேண்டாமா என்று கை அதன்மேலேயே நின்றது. இன்னும் நான்கு நாள். உரித்த ஜன்னல் வழியாக வெயில் கீறல்களின் மேல் விழுந்திருந்தது. பின்னால் காலடி உரசியது. அவளுடைய முதுகு இறுகியது, கழுத்து மயிர் எழுந்தது. உடம்புக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நான்கடி தள்ளி அவன் நின்றுவிட்டான்.

"நான்தான்" என்றான்.