மேலே இருக்கும் W

“அப்ப மேல இருக்கற W யாருங்க?”

“வாப்பா.”

மெஹர் நிஷா கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்க வாப்பா பேரு செய்யது இப்ராஹிம்.”

“பேரு அதுதான். கூப்பிடறது வாப்பான்னுதானே. W-A-P-P-A.” ஜைனுதீன் பொறுமையாக விளக்கினான். “நம்மள்ல வாப்பா பேரு இனிஷியலாத்தான் முன்னாடி வரும்.”

நியூ ஜெர்சியின் வடக்கே பார்சிப்பனியில் இருந்த டவுன்ஹவுஸை விற்றுவிட்டு, அதே மாநிலத்தின் தென்கோடியில் இந்த வீட்டை அவன் வாங்கியதே அதன் பக்கவாட்டுச் செங்கல் சுவருக்காகத்தான். இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ கட்டியது. சூளையில் கூடுதலாக வெந்து கருநீலமாக மினுங்கும் கற்களைச் சிவப்புக் கற்களுக்கு நடுவே செருகி, அடியிலிருந்து முகடு வரை நெளிநெளியாகக் கோலம் போட்டிருந்தார்கள். முகட்டுக்குக் கீழே அதே கற்களால் ஒரு W, அதன் அடியில் J, M, 1756. குடும்பப் பெயர் மேலே, புருஷன் பெண்டாட்டி கீழே; அது அந்தக் காலத்து வழக்கம். ஜைனுதீனோ தன்னையும் மெஹர் நிஷாவையும் அங்கே வாசித்துவிட்டு முன்பணம் கட்டிவிட்டான்.

அவளுக்கு அந்தச் சுவரில் வேண்டியது ஆறங்குல ஓட்டை ஒன்றுதான். மீன் பொரித்தால் புகை போக வழியில்லை. அலாரம் ஊரைக் கூட்டியது. பாதுகாக்கப்பட்ட வீடு என்று ஊரின் பழங்கட்டடக் கமிட்டி இரண்டு விண்ணப்பங்களைத் திருப்பியிருந்தது. மூன்றாவதை ஜைனுதீன் நிரப்பினான்.

“லெட்டர்ஸுக்கு மீனிங் கேட்டிருந்தாங்க. ஹவுஸ் ஓனர், வைஃப், மேல ஃபாதர், எல்லாம் நம்ம ஃபேமிலிதான்னு ஃபில் பண்ணி அனுப்பிட்டேன்.”

அவள் தலையில் கைவைப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

கமிட்டித் தலைவி கரோலினுக்கு எழுபது வயதிருக்கும். வந்ததும் மெஹர் நிஷாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. “இந்த வம்சமே அற்றுப்போய்விட்டதென்று நினைத்திருந்தோம். முகச்சாயல்கூட இருக்கிறது. இத்தனை காலம் எங்கே போயிருந்தீர்கள்?”

“பார்சிப்பனி” என்றான் ஜைனுதீன்.

கட்டியவரின் வாரிசுக்கு ஓட்டையை மறுக்க நாங்கள் யார் என்றபடி, கரோலின் அடுக்களை மேசையில் அனுமதித் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். மெஹர் நிஷா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சட்டியில் வஞ்சிரம் புகைய ஆரம்பித்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கையெழுத்துக் கோட்டுக்கு மேல் பேனா நின்றது.

“ஒரே ஒரு வேண்டுகோள்” என்றார் கரோலின், அவள் பக்கம் திரும்பி. “உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். அந்த W-வின் உருவப்படம் ஒன்று எங்கள் ஆண்டு மலர் அட்டைக்குத் தருவீர்களா?”