மொட்டை மாடியில் ஒரு புல்தரை

கத்தி வழுக்கியது. சூரியபிரகாஷ் விடவில்லை. முழங்காலை ஊன்றி, பச்சைப் புல்லின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். பிடிவாதக்காரப் பசை. இரண்டு விரற்கடை விட்டது, அப்புறம் நகரவே இல்லை.

மதுரை கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடி. வைகாசி வெயில் நடுமண்டையில் நின்றது. பேன்ட் துணியைத் தாண்டி முழங்கால் பொசுங்கியது. பொசுங்கட்டும்.

“டேய், கீழ எறங்குடா! பிளைட்ட விட்டு எறங்குனதுல இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா நீ?” மாடிக் கதவின் நிழலில் நின்று கத்தினாள் அக்கா பாண்டீஸ்வரி. ஆஸ்பத்திரியிலிருந்து அவனோடு ஆட்டோவில் வந்தவள். அப்பாவின் போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“இது போகணும்க்கா. இது இருக்குற வரைக்கும் அவரு சம்மதிக்க மாட்டாரு.”

சம்மதம், அப்பாவின் இடது காலுக்கு. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டால் உயிர் மிஞ்சும், நாளைக் காலைக்குள் சொல்லுங்கள் என்று டாக்டர் கெடு வைத்துவிட்டார். அப்பா ஜெயபாண்டியோ மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “காலு போயிட்டா அந்தப் புல்லுல நான் எப்பிடிய்யா நிப்பேன்?”

மின்கம்பம் மின்கம்பமாக ஏறி இறங்கிய கால். லைன்மேன் ஜெயபாண்டிக்கு கோல்ஃப் பைத்தியம் பிடிக்கும் என்று யார் கண்டது? அம்மா போன பிறகு சூரியபிரகாஷ் அவரை ஆறு மாதம் தான் இருக்கும் மான்செஸ்டருக்குக் கூட்டிப் போயிருந்தான். ஞாயிறு காலையில் பக்கத்துப் பூங்கா. குட்டை மட்டையால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளுகிற விளையாட்டு. பந்து உள்ளே விழுந்ததும் மகனைத்தான் திரும்பிப் பார்ப்பார், பொக்கை வாய்ச் சிரிப்போடு. ஊர் திரும்பும் நாளில், விமான நிலையத்தில், “இங்கனயே ஒங்கூட இருந்துரட்டாய்யா?” என்று கேட்டார். விசா, சட்டம் என்று என்னென்னவோ சொன்னான். அதில் பாதி நிஜம். மீதிப் பாதிக்குப் பரிகாரமாக, இந்த மாடியில் இருபதடிக்குப் புல்லும் ஒரு கோடியில் பந்துக் குழியும் போடச் சொல்லி ஏற்பாடு செய்தான். அப்பா அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

புல் போட்ட முத்துக்குமரன் அன்றைக்கே போனில் எச்சரித்தான். “அண்ணே, இது பிளாஸ்டிக்கு. மத்தியானம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். பெரியவரச் செருப்பில்லாம ஏற விடாதீங்க.” அப்பாவிடமும் சொல்லித்தான் போனான். அவர் கேட்டால்தானே? “எம்மகன் வாங்கிக் குடுத்ததச் செருப்புக் காலோட மிதிக்கிறதா?” சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. வெந்தது அவருக்கே தெரியவில்லை; புண் உள்ளுக்குள் அழுகிவிட்டது.

“ஒனக்காவது தெரிய வேணாமாக்கா? நீ இருக்குற திருப்பரங்குன்றம் என்ன திருச்சியா? வாரா வாரம் வாரீல்ல!”

“கால்ல இருந்த கட்டப் பாத்துட்டுக் கேட்டேன். முள்ளு குத்திருச்சுன்னாரு. ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு.” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “என்னயக் கொல்லு, போ.”

அவன் மறுபடியும் கத்தியைப் பாய்ச்சினான். ஆறு மாதம் ஆகியும் புல் புத்தம் புதுசாக, ஒவ்வொரு இழையும் விறைத்து நின்றது. நல்ல சரக்குதான் போட்டிருக்கிறான் முத்துக்குமரன் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

“காலைலயும் சாயங்காலமும் ஆடியிருந்தா என்ன? இந்த வெயில்ல வந்து நிக்கணுமா மனுசன்? அம்புட்டு வெறியா?”



அக்காவின் கையிலிருந்த அப்பாவின் போன் அலறியது. அவன் வெடுக்கென்று திரும்பினான். “ஆஸ்பத்திரியா?”

“இல்லடா. அலாரம்.” பாண்டீஸ்வரி அதை அணைத்தாள். “ஞாயித்துக்கெழமைல்ல. ஒன்றரை மணியாச்சு.”

ஒன்றரை. அங்கே காலை ஒன்பது. தூங்கி எழுந்து, காபிக் கோப்பையோடு சோபாவில் சாய்ந்து, அவன் வீடியோவில் கூப்பிடும் நேரம். ‘ஆடிக் காட்டுங்கப்பா.’ பந்து விழுவது தெரிய வேண்டுமே என்று போனைக் குழியோரம் வைக்கச் சொன்னவன் அவன்தான். ‘இன்னும் ஒண்ணுப்பா. இன்னும் ஒண்ணு.’

கத்தி நின்றது.

“மத்த நேரம் அந்த மட்டையத் தொட்டதே இல்லடா அவரு” என்றாள் அக்கா. “அந்த வெளாட்டே அவருக்குப் புடிக்காது. காலு போனாப் போகுது, உசுரு முக்கியம்ப்பான்னு நேத்து ராத்திரி கெஞ்சுனேன். என்ன சொன்னாரு தெரியுமா?”

அவன் நிமிரவில்லை. குழிக்கு எதிர்ப்புறம், புல்லின் மறுகோடியில், முழுத் தரையிலும் அந்த ஒரே இடத்தில் மட்டும், இரண்டு பாத அளவுக்கு இழைகள் நசுங்கிப் படுத்திருந்தன. பக்கத்தில் பக்கத்தில். குழியைப் பார்த்தபடி.

“‘புல்லு இல்லேன்னா அவன் என்னத்தப் பாக்கக் கூப்புடுவான்’னு கேட்டாருடா.”