வலப்பக்கம் இல்லாத வண்டி

தேசிகனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது மல்லேஸ்வரம் முழுவதும் தெரிந்த விஷயம். அவர் மோட்டார் சைக்கிள் வாங்குவதற்குப் பல வருஷங்கள் முன்பே அந்தச் செய்தி பரவியிருந்தது. யுத்த காலத்தில் விமானத் தாக்குதல் எச்சரிக்கைப் படையான ஏ.ஆர்.பி.யில் தொண்டராக இருந்தபோது, விளக்கணைத்த கண்டோன்மென்ட் தெருக்களில், ஹெட்லைட் இல்லாமல், சமயத்தில் கையை விட்டுவிட்டும் ஓட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் அவர் ஓட்டியது வாடகை சைக்கிள். அதையும் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

ஆகவே 1958இல் மெட்ராஸிலிருந்து நிஜமாகவே ஒரு புல்லட் வந்து இறங்கியபோது அவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த வித்தையை யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ள வேண்டும்.

வண்டி முதலில் வீட்டுக்கு வரவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போயிற்று. அங்கே இருந்த ரெமிஜியஸ், பொதுப்பணித் துறையில் தேசிகனின் கீழ் வேலை பார்த்த குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மனைவி பியாட்ரிஸைத் தம் மோட்டார் சைக்கிளின் சைட் காரில் உட்காரவைத்து, சர்ச்சுக்கு வேண்டிய தூரத்தைப் போல மூன்று மடங்கு சுற்றி, எல்லோரும் பார்த்த பிறகே கொண்டு போய் இறக்குவார். தேசிகன் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. ரிச்சர்ட்ஸ் டவுனில் நடப்பது மல்லேஸ்வரத்துக்குத் தெரியாது.

வீட்டில் மனைவி கோமளத்திடம் மட்டும், “எஞ்சினை ரெமிஜியஸ் செக் பண்றான்” என்று சொல்லிவைத்தார்.

“அதுக்கு நீங்க ஏன் விடியக்காலம் கிளம்பிப் போறேள்?”

“அவன் செக் பண்றதை யார் செக் பண்றது?”

பாடம் மர்பி டவுன் பக்கத்து மைதானத்தில் நடந்தது. ஓட்டப் பந்தயத்துக்காக வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானம். அதன் காவல்காரர் சின்னப்பா ரொம்பக் கறாரானவர். “வண்டி விடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஓட்டக்காரங்க சுத்தற பக்கமாத்தான் சுத்தணும். எதிர்ப்பக்கம் வந்து எவனாவது மோதிக்கிட்டா யாரு பதில் சொல்றது?” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஓட்டக்காரர்கள் உலகம் முழுவதும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். தேசிகனும் சுற்றினார். நாளுக்கு நாள் நன்றாகவே சுற்றினார்.

ரெமிஜியஸின் நிலைமைதான் கஷ்டம். மேலதிகாரியிடம் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் தேசிகன் தப்பாகச் செய்வதையெல்லாம், “அது டிஃபரன்ட் ஸ்டைல் சார்” என்பார். ஒரே ஒருநாள் கொஞ்சம் துணிந்துவிட்டார்.

“சார், ஹேண்டிலக் கோழி கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க. கொஞ்சம் வேகமா போறப்போ, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடிய லேசா முன்னாடி தள்ளுங்க. வண்டி தானா சாயும், தானா திரும்பும்.”

தேசிகன் வண்டியை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜ்யத்தின் சாலை வளைவுகள் பற்றிய கோப்புகள் அத்தனையும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். வளைவைப் பற்றி அவருக்கே பாடமா?

“ரெமிஜியஸ், வலது கைப்பிடியை முன்னாடி தள்ளினா சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும்?”

“இடது பக்கம் சார்.”

“வண்டி?”

“வலது பக்கம் சார்.”

“நீ சொல்றது உனக்கே நன்னாயிருக்கா?”

“டிஃபரன்ட் ஸ்டைல் சார்,” என்றார் ரெமிஜியஸ். இடது திருப்பங்களில் தேசிகனின் இடது கை தானாகவே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்.

வண்டி மல்லேஸ்வரத்துக்கு வந்தது. தேசிகனின் வீட்டிலிருந்து வடக்கே நேராகப் போனால் பெருமாள் கோயிலின் தென்கிழக்கு மூலை வரும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஆபீஸுக்குப் போகும் சாலை. மூலையில் லட்சுமம்மா பூசணிக்காய்களை மலை போலக் குவித்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். முதல் நாள் காலை, கோட்டும் தலைப்பாகையுமாக வந்த தேசிகன், தம் கணக்குப்படி வலது கைப்பிடியை இழுத்துத் திருப்பினார். வண்டி மறுத்தது. பூசணிக்காய் மேல் போய்விடக் கூடாதே என்று அவர் பூசணிக்காயையே பார்த்தார். வண்டியும் பூசணிக்காயையே பார்த்தது போலிருக்கிறது.

“அய்யய்யோ!” என்று கத்தினாள் லட்சுமம்மா. பிறகு, அவர் எழுந்து நிற்பதைப் பார்த்ததும், “ஏன் ஸ்வாமி, புது வண்டிக்குப் பூசணிக்காய் ஒடைக்கணும், சரி. ஒண்ணு போதாதா? மொத்தமும் ஒடைக்கணுமா?” என்றாள்.

“நான் எல்லாத்தையும் வாங்கிக்கத்தான் வந்தேன்,” என்றார் தேசிகன், தலைப்பாகையிலிருந்து விதைகளைத் தட்டிவிட்டபடி.

அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய் அல்வா. பரிமாறும்போது கோமளம், “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று வழக்கத்தைவிட அன்பாகக் கேட்டாள்.

அதற்குப் பிறகு தேசிகன் வலப்பக்கத்தை விட்டுவிட்டார். அந்த மூலையில் திரும்பாமல் நேரே போவார். அடுத்த மூலையில் இடப்பக்கம், அதற்கடுத்ததில் இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம். கோயிலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய மூலைக்கே வந்தால் ஆபீஸ் சாலை எதிரே நேராகக் கிடக்கும். திருப்பமே வேண்டாம். சாயங்காலம் திரும்பி வரும்போது வீடு இடப்பக்கம். யாராவது கேட்டால், “ரன்னிங்-இன் பீரியட். புது எஞ்சினை முதல்ல இடது பக்கம்தான் பழக்கணும்” என்பார். பின்ஸீட்டில் ஆள் ஏற்றுவதும் ரன்னிங்-இன் முடிகிறவரை ஆகாது என்று கோமளத்திடம் சொல்லிவிட்டார். சாமராஜப்பேட்டையிலிருந்த தன் அக்கா அலர்மேல்மங்கை வீட்டுக்கு அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் எதிர்வீட்டில் அனந்தபத்மநாபன் இருந்தார். அரண்மனைக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டித் தலைவர். அரண்மனை அவரை மறந்துவிட்டாலும் அவர் அங்கே உடுத்திய அரண்மனைக் கோட்டை மறக்கவில்லை. துளசி பறிக்கவும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். நவராத்திரி தொடங்கியபோது ஒருநாள் காலை தேசிகனை வாசலில் மறித்தார்.

“ஓய் தேசிகன், ஒரு மாசமா பாத்துண்டே வரேன். தினம் பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆற நேரத்துல, நீர் பெருமாளை அப்பிரதக்ஷிணமா சுத்திண்டிருக்கீரே, என்ன சமாசாரம்?”

தேசிகனுக்குச் சுரீரென்றது. கோயிலை வலமாகச் சுற்றுவதுதான் வழக்கம். இடமாகச் சுற்றுவது எந்தக் காரியத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் காலை வேளையில் வாயால் சொல்வதில்லை.

“ரன்னிங்-இன்...” என்று ஆரம்பித்தார்.

“பெருமாளுக்கு எஞ்சின் சமாசாரமெல்லாம் தெரியாது காணும். போன வாரம் மடப்பள்ளில பொங்கல் அடிப்பிடிச்சது. நேத்து குடை கிழிஞ்சது. எதனாலேன்னு நான் சொல்லலை. விஜயதசமியன்னிக்கு வண்டிக்கு பூஜை போட்டு, தம்பதியா உக்காந்து, மூணு பிரதக்ஷிணம் பண்ணிடும். கமிட்டி செலவுல நாதஸ்வரம் வெச்சுடறேன். யுத்தத்துலயே இருட்டுல ஓட்டினவருக்கு இது என்ன பிரமாதம்?”

தேசிகன் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீடு வரை தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் இறக்கிவைத்தார். மூன்று பிரதக்ஷிணம் என்றால் எல்லா மூலையும் வலப்பக்கம். முதல் மூலையே பூசணிக்காய் மூலை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காகக் கட்டிவைத்த யுத்த காலம் ஒரே நிமிஷத்தில் சரிந்துவிடும். ஜுரம் வரவழைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். கோமளம் கஷாயம் வைத்துவிடுவாள். ரெமிஜியஸைக் கேட்டார். “பெருமாள்கிட்ட டிஃபரன்ட் ஸ்டைல்னு சொல்ல முடியாதா சார்?” என்றார் அவர்.

விஜயதசமி வந்தது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பட்டர் கற்பூரம் காட்டினார். நாதஸ்வரக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு எந்த ராகம் என்று தெரியாமல், கல்யாணத்துக்கு வாசிப்பதையே வாசித்தார். மடிசாரோடு கோமளம் பின்ஸீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் ஸீட்டையும் மறு கையால் அவர் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். கமிட்டி அங்கத்தினர்கள் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். தென்மேற்கு மூலையில், அரண்மனைக் கோட்டோடு, அனந்தபத்மநாபன்.

வண்டி கிழக்கு வாசலிலிருந்து கிளம்பித் தெற்கே நகர்ந்தது. பண்டிகை என்பதால் மூலையில் பூசணிக்காய் மலை இரட்டிப்பாக இருந்தது. லட்சுமம்மா எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள். தேசிகன் அதையே பார்த்தார். வண்டி அதை நோக்கியே போயிற்று.

“ஏன்னா,” என்று காதோரம் கேட்டது. “அங்க ஏன் பாக்கறேள்?”

“மோதிடப்படாதேன்னு பாக்கறேன்!”

“பாக்கற எடத்துக்குத்தான் போறது வண்டி. வலது பக்கம் தெருக் கோடில புளியோதரை குடுத்துண்டிருக்கா, அதப் பாருங்கோ.”

புளியோதரை என்ற சொல் தேசிகனின் கழுத்தை எப்போதும் திருப்பிவிடும். திரும்பிப் பார்த்தார். தொன்னைகள் தெரிந்தன. தோள் அந்தப் பக்கம் போயிற்று, வலது கை தன்னையறியாமல் லேசாக முன்னால் தள்ளிற்று, வண்டி அழகாகச் சாய்ந்து, பூசணிக்காய்களை ஒதுக்கிவிட்டு, தெற்குத் தெருவுக்குள் நுழைந்தது. லட்சுமம்மா விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டுவைத்தாள்.

தேசிகனுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. இதை அனந்தபத்மநாபன் பார்த்தாரா? தெருக் கோடியில் அவர் முகத்தைத் தேடினார். கண்டுபிடித்தார். வண்டி நேராக அரண்மனைக் கோட்டை நோக்கிக் கிளம்பியது.

“அவரை ஏன் பாக்கறேள்! கோபுரத்தப் பாருங்கோ, கோபுரத்த!”

அனந்தபத்மநாபன் தம் பதவிக்குப் பொருந்தாத ஒரு குதி குதித்துக் கோயில் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தேசிகன் கோபுரத்தைப் பார்த்தார், வண்டி திரும்பியது. அடுத்த மூலையில் “மாவிலை” என்றாள் கோமளம். அதற்கடுத்ததில் “வெள்ளைப் பசு.” இரண்டாம் சுற்றில் அவள் பெயர் மட்டும் சொன்னால் போதுமென்று ஆயிற்று. மூன்றாம் சுற்றில் அவள் சொல்வதற்கு முன்பே அவர் கழுத்து திரும்பியது. நாதஸ்வரக்காரரும் உற்சாகமாகி வேகம் கூட்டினார்.

“நோக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று மெதுவாகக் கேட்டார், கடைசி மூலையில்.

“பின்னாடி உக்காந்தா உங்க பின்மண்டையைத் தவிர நேக்கு வேறென்ன தெரியறது? அது திரும்பற பக்கமெல்லாம் வண்டி போறது.”

கிழக்கு வாசலில் வண்டி நின்றபோது கூட்டம் சூழ்ந்துகொண்டது. அனந்தபத்மநாபன் கோட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டியபடி வந்து, “என் மேலயே வந்தீரே காணும்!” என்றார்.

“உமக்கு மரியாதை பண்ணணும்னு கொஞ்சம் கிட்ட வந்து திருப்பினேன்,” என்றார் தேசிகன். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “திருப்பத்துல ரகசியமே பார்வைதான். போக வேண்டிய எடத்தப் பாக்கணும். ஏ.ஆர்.பி.ல எங்களுக்கு முதல் பாடமே அதுதான்.”

இருட்டில் எதைப் பார்த்தீர் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் புளியோதரை இருந்தது. கோமளமும் ஒரு தொன்னையை வாங்கிக்கொண்டாள். அவருக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தாள்.

“ரன்னிங்-இன் முடிஞ்சுதோல்லியோ?” என்று மட்டும் கேட்டாள்.

“இப்பத்தான் முடிஞ்சுது.”

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கே இருவரும் சாமராஜப்பேட்டைக்குக் கிளம்பினார்கள். தென்பட்ட வலத் திருப்பம் ஒன்றையும் தேசிகன் விடவில்லை. தேவையில்லாத இரண்டிலும் வண்டியைத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் சீக்கிரமே போய்விட்டார்கள். அலர்மேல்மங்கை அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பஸ்ல வந்தா சாப்பாட்டு நேரம் தாண்டித்தானேடி வருவே! இன்னிக்கு என்ன, பறந்துண்டு வந்தியா?”

“இவர் கொண்டுவந்து விட்டார்,” என்றாள் கோமளம்.

தளிகை ஆகிறவரை தேசிகன் கூடத்தில் உட்கார்ந்து, வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி ஏன் வலப்பக்கம் போகிறது என்பதை மைத்துனிக்கு விளக்கினார். தாமே கண்டுபிடித்தது என்றார். அவள் கேட்கவில்லை, ஆனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்று சமையல் பூசணிக்காய்க் கூட்டு. அவர் முகம் சுளிக்காமல் இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், ஒரு பெரிய வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல் சாய்ந்து நிமிர்ந்தது. தேசிகனால் தாங்க முடியவில்லை. தலையைப் பின்பக்கம் திருப்பி, “பாத்தியாடி, எப்படித் திருப்பினேன்?” என்றார்.

“பாத்தேன்,” என்றாள் கோமளம், அவர் கன்னத்தில் கையை வைத்து முகத்தை மெதுவாக முன்னால் திருப்பிவிட்டு. “இப்ப சாலையப் பாருங்கோ.”