பாவ்-சூவின் சோற்று டப்பாவும் இருநூற்றைம்பது வாட்டும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தெருமுனை மண்சாமி கோயிலில் மூன்று ஊதுபத்தி ஏற்றி, குறி கேட்கும் பிறைக்கட்டைகளை வீசி, "எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டு தடவை கட்டைகள் இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறது என்று அதற்கு அர்த்தம். மூன்றாம் தடவை ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தது. அது சம்மதம். சிரித்த இரண்டை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. கணினிப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போன் செய்தார். "கான் ஐயா, அடுத்த வருஷம் வரப்போற லேப்டாப், டெஸ்க்டாப் பிராசஸர் பத்தி ஒரு கட்டுரை வேணும். வேகம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு குடிக்கும், அவ்வளவுதான். உங்க கதையெல்லாம் அளந்துடாதீங்க."

தைபேயின் நெய்ஹூ பகுதியில் முப்பத்தொரு வருடம் பிராசஸர்களை, அதாவது செயலிகளைச் சோதித்தவன் நான். ஒரு செயலியைத் தொட்டாலே அது எத்தனை வாட் என்று சொல்வேன். விரலில் தழும்பு இருக்கிறது. ஒப்புக்கொண்டு எழுதத் தொடங்கினேன்:

"அடுத்த ஆண்டு வரவிருக்கும் செயலிகள், ஒரு வாட் மின்சாரத்தில் செய்துமுடிக்கும் வேலையின் அளவில், இதுவரை நாம் காணாத—"

'வாட்' என்று எழுதியதும் மூக்கில் கடுகுக்கீரை ஊறுகாய் வாசம் அடித்தது. கூடவே பன்றி வறுவலும், சோயாவில் வெந்த முட்டையும். வாக்கியம் அங்கேயே நின்றது. இன்றுவரை நிற்கிறது.

2 (இதுதான் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்)

அந்த வாசம் பாவ்-சூவுடையது. அதாவது அவளுடைய எவர்சில்வர் டப்பாவுடையது.

எங்கள் கம்பெனி ஐந்து மாடி. என் சோதனை அறை இரண்டாவதில். பாவ்-சூ ஐந்தாவதில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்த்தாள். ஐம்பது வயது, கணவரை இழந்தவள், வாயில் எப்போதும் ஒரு குத்தல் தயாராக இருக்கும். நான் தனிக்கட்டை. மாடிக்கு மாடி சோறு சூடாக்கும் நீராவிப் பெட்டி உண்டு. காலையில் டப்பாவை உள்ளே வைத்தால் பன்னிரண்டுக்கு ஆவி பறக்கும். ஐந்தாம் மாடிப் பெட்டி மட்டும் பழுது. பதினோரு வருடம் பழுது. உலகத்துக்கே லேப்டாப் செய்து அனுப்பும் ஊரில் ஒரு பெட்டியை ஒக்கிட ஆள் கிடைக்கவில்லை. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பாவ்-சூ சொன்னாள்.

முதல் நாள் அறை வாசலில் டப்பாவோடு நின்றாள்.

"இன்ஜினியரே, உங்க ரூம்ல அடுப்பு எரியுதாமே?"

"அடுப்பு இல்லைங்க. டெஸ்க்டாப் பிராசஸர்."

"சோறு சூடாகுமா ஆகாதா? அதச் சொல்லுங்க."

ஆகும். அந்தக் காலத்தில் வேகம் வேண்டுமென்றால் மின்சாரத்தை ஊட்டு, இன்னும் ஊட்டு என்பதுதான் முறை. எங்கள் சோதனை மேசையில் மூடியில்லாமல் கிடந்த அந்த மெஷின் முழு வேகத்தில் இருநூற்றைம்பது வாட் குடிக்கும். ஜனவரி ஈரக்குளிரில் தைபேயில் யார் வீட்டிலும் கணப்பு கிடையாது. எங்கள் அறையில் மட்டும் நான் பனியனோடு வேலை செய்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற பிளம் மரம் எங்கள் சூட்டில் மாதம் தெரியாமல் நவம்பரிலேயே பூத்து, பிறகு வெட்கப்பட்டு உதிர்த்தது.

(மரத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சத்தியம் செய்திருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

செயலியின் சூட்டை வாங்க அதன் மேல் நிற்கும் அலுமினிய இதழ்களின் மீது டப்பாவை வைப்பேன். சரியாகப் பதினொன்று முப்பத்தைந்துக்கு இருப்பதிலேயே கனமான சோதனையை ஓடவிடுவேன்: பகா எண்களைத் தேடும் கணக்கு. பன்னிரண்டு பத்துக்கு அவள் படியிறங்கி வரும்போது சோறு கொதிக்கும். பதினோரு வருடத்தில் நாங்கள் கண்டெடுத்த பகா எண்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அத்தனையும் ஒருத்தியின் மதியச் சோற்றுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை. கணித உலகம் நன்றி சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குக் கட்டிடம் முழுக்க விளக்கணைத்து எல்லோரும் மேசையில் தலை சாய்ப்பார்கள். அவளும் என் மேசையில், மெஷின் பக்கமாகக் கன்னத்தை வைத்துத் தூங்குவாள். விசிறிச் சத்தம் எழுப்பிவிடுமே என்று விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, சூட்டுமானி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றேழு. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் இது காதல் கதையாகிவிடும். ஆசிரியர் கேட்டது செயலிகளைப் பற்றி.]

3

ஆகவே செயலிகள். பதினோராவது வருடம் ஜனவரியில் சோதனைக்கு ஒரு புதுச் செயலி வந்தது, ஒரு முன்மாதிரிச் சில்லு. இன்னும் சந்தைக்கு வராதது, பெயர்கூட வைக்காதது. லேப்டாப்புக்கும் அதுதான், டெஸ்க்டாப்புக்கும் அதுதான். உள்ளே பெரிய மூளைகள் சில, சின்ன மூளைகள் பல. ஓட்டப்பந்தயம் வந்தால் பெரியவை எழுந்திருக்கும். சும்மா எழுத்து அடிக்கும்போது சின்னவை வீட்டுவேலை பார்க்கும், பெரியவை தூங்கும். மேசையில் வைத்தால் அறுபத்தைந்து வாட் போதும் என்றார்கள்.

மேலாளர் துங் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். (முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை. நல்ல மனிதர், மீசையைத் திரும்ப எடுத்துவிட்டேன்.)

"கான் அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் வேணும். இது பழைய மெஷினோட வேகத்தைத் தொட்டுட்டா, பழசைக் கிடங்குக்கு அனுப்பிடலாம். கரண்ட் பில்லைப் பார்த்து மேல இருக்கறவங்க கத்தறாங்க."

"தொடாட்டி?"

"தொடாட்டி பழசு இங்கயே இருக்கட்டும். ஏன் அண்ணே, வேர்க்குது உங்களுக்கு?"

"ரூம் சூடுங்க."

வாசகரே, நிலவரம் புரிகிறதல்லவா? புதியது ஜெயித்தால் அடுப்பு போகும். அடுப்பு போனால் டப்பா வராது. டப்பா வராவிட்டால் பன்னிரண்டு பத்துக்கு அந்தப் படியில் செருப்புச் சத்தம் கேட்காது. உலகத்துக்கு நல்லது எதுவோ அது எனக்குக் கெட்டது.

திங்கள் முதல் புதன் வரை சோதித்தேன். வேகத்தில் பழையதைத் தொட்டது. முழு வேகத்திலும் குளிர்ந்தே கிடந்தது. சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம்: மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும், பழக்கதோஷத்தில், அரைமணி நேரம் ஓடியது. எறும்புகள் வெயிலுக்குப் பயந்து அதன் அடியில் வந்து படுத்தன.*

* ஜனவரியில் ஏது வெயில் என்று கேட்கிறவர்கள் எறும்புகளைக் கேட்கட்டும்.

புதன் மதியம் பாவ்-சூ அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

"என்ன இன்ஜினியரே இது? பிராசஸரா, மார்க்கெட்டுல செத்துக் கிடக்கற மீனா?"

"இதுதாங்க வரப்போற காலம்."

"வரப்போற காலத்துல எல்லாரும் பச்சத்தண்ணிச் சோறுதான் தின்னணுமா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

4

எங்கள் ஊரில் எந்த மெஷின் மேலும் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் இருக்கும். 'சமத்தாக இரு' என்பது அதன் பெயர். பச்சை உறையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மெஷினின் பச்சை விளக்கு அணையாது. மஞ்சள் உறையை வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். காலாவதியானதை வைத்தால் அதைவிட மோசம். படித்தவர்கள் நாங்கள், இதையெல்லாம் நம்புவதில்லை. வைக்காமலும் இருப்பதில்லை.

வியாழக்கிழமை காலை கடைசிச் சோதனைக்கு முன் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புதிய மெஷின் மேலிருந்த பச்சையை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தேன். தேடிப்பிடித்து வாங்கிய, நாள் கடந்த மஞ்சள். முப்பது வருடத்தில் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாத கைதான் பொட்டலத்தை மாற்றியது.

பன்னிரண்டு பத்துக்கு வந்தவள் டப்பாவைத் திறக்கவில்லை. மஞ்சளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மஞ்சளைப் பார்த்தாள்.

"யாரு வெச்சது?"

"தெரியலைங்க."

"இந்த ரூமுக்குச் சாவி எத்தனை?"

"ஒண்ணு."

"அது யாரு பாக்கெட்டுல இருக்கு?"

நான் விசிறியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைக் கிழித்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டாள்.

"நமுத்துப்போச்சு. செய்யறதுதான் செய்யறீங்க, நல்லதா வாங்கக் கூடாது?"

"வயித்துக்கு ஆகாதுங்க, விட்டுடுங்க."

"மெஷின் என்னய்யா பாவம் பண்ணுச்சு? நல்லா ஓடுனா நல்லா ஓடுதுன்னு எழுதுங்க."

"எழுதினா... உங்க சோறு?"

விரலைச் சப்பியபடி யோசித்தாள்.

"என் சோத்தை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க ரிப்போர்ட்டைப் பாருங்க."

கைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்தாள். அவர்கள் மாடி பிரிண்டருக்காக வாங்கியதாம். தேதியை வாய்விட்டுப் படித்துக் காட்டி, மெஷின் மேல் வைத்து, தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை எழுதினேன்: வேகம் சமம், மின்சாரம் நாலில் ஒரு பங்கு. கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை பழைய மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அது போன இடத்தில் மேசைப் பரப்பு சதுரமாக நிறம் மாறியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. இது மட்டும் மிகையில்லை.

5

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருக்கிறேன்.

முதலாவதில் திங்கட்கிழமை யாரும் வரவில்லை. பகா எண்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குப் பசியெடுக்கவில்லை, கிழித்தேன்.

இரண்டாவதில் புதிய சில்லு எங்கள் மேல் இரக்கப்பட்டு, தன் இயல்பை மீறித் தானாகவே சூடாகி, டப்பாவைக் கொதிக்கவைத்துவிட்டு உயிரை விடுகிறது. அருமையான முடிவு. "இதை வைக்கட்டுமா?" என்று கட்டைகளை வீசியபோது சாமி மறுபடியும் சிரிக்காதிருந்தால் இதைத்தான் வைத்திருப்பேன்.

மூன்றாவது வரைவு இவ்வளவுதான்: திங்கட்கிழமை பன்னிரண்டு பத்து. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் அறை குளிர்கிறது. மேசையில் முப்பத்துநான்கு டிகிரியில், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், வருங்காலம் ஓடுகிறது. விசிறி இரையாததால் கட்டிடத்தின் சத்தங்கள் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்கின்றன. மேலே, எங்கோ, படியில் ஒரு செருப்பு இறங்குகிறது. நான்காம் மாடி. மூன்றாம்

இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தச் செருப்பு என் கதவில் நின்றதா, தாண்டி டீக்கடைக்கு இறங்கியதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு: அடுத்த வருடச் செயலிகள் வேகமாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், சோறு சூடாகாது. கட்டுரை முடிந்தது.

சத்தியம் செய்தவன் என்பதால், அனுப்பும் முன் பழைய கம்பெனிக்குப் போய்க் கட்டிடப் பராமரிப்புப் பதிவேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். ஐந்தாம் மாடி நீராவிப் பெட்டி அந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடப் பழுதானதில்லை.